புகையும் நெருப்பும்: பிறர் வாதத்தை எடைபோடும் பயிற்சி குறித்து

நம் தமிழ்க்கல்வியில் இரண்டு பயிற்சிகளுக்கு நிறையவே இடம் உண்டு. ஒன்று, நயம் பாராட்டல். மற்றொன்று, கட்சி கட்டி வாதிடல். முதலாவதை வகுப்பறையும் இரண்டாவதைப் பட்டிமன்ற மேடையும் வளர்த்தன. இரண்டும் வேண்டியவையே. ஆயின் மூன்றாவதாக ஒன்று உண்டு. பிறர் முன்வைத்த வாதமொன்றை எடுத்துக்கொண்டு, அதன் முடிவு நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதை ஒத்திவைத்துவிட்டு, சொல்லப்பட்ட காரணங்கள் அம்முடிவைத் தாங்குகின்றனவா என்று மட்டும் பார்த்தல். இதற்கு நம்மிடம் நேரமும் இல்லை, பாடவேளையும் இல்லை. வணிகம், ஆட்சிக் கொள்கை ஆகியவை சார்ந்த சிறு வாதங்களைக் கொண்டு இதனைப் பயிலலாம் என்பதும், இலக்கியம் படிப்போர்க்கு இது குறிப்பாக வேண்டும் என்பதும் நம் கருத்து.

இப்பயிற்சி நமக்கு முற்றிலும் அயலானதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்பிய நம் மாணவர்கள் ஜி.ஆர்.இ. தேர்விலும், மேலாண்மைப் படிப்பை நாடியோர் ஜிமேட் தேர்விலும் முப்பது நிமிடத்தில் இதனைச் செய்துவந்தனர். ஒரு நிறுவனத்தின் குறிப்பிலிருந்தோ நகரமன்றத்தின் அறிக்கையிலிருந்தோ எடுத்ததுபோல ஒரு பத்தி தரப்படும். அதன் தருக்கத்தை மதிப்பிட்டு எழுதவேண்டும். தம் சொந்தக் கருத்தைச் சொன்னால் மதிப்பெண் இல்லை. பொறியியல் மாணவர்கள் பலர் இதனைக் கடனே என்று மனப்பாடம் செய்த வாய்பாடுகளால் கடந்தனர் என்பது வேறு செய்தி. 2023 செப்டம்பரில் ஜி.ஆர்.இ. சுருக்கப்பட்டபோது இப்பகுதி நீக்கப்பட்டது. பொதுப்பொருள் ஒன்றைப் பற்றித் தம் கருத்தை எழுதும் பகுதி மட்டும் எஞ்சியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டிலும் கட்டுரைப் பகுதி இல்லை. விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாக மட்டும் தருக்கம் அங்கு வாழ்கிறது. தன் கருத்தைச் சொல்வது தங்கிற்று, பிறர் கருத்தை எடைபோட்டு எழுதுவது போயிற்று. தேர்வு நடத்துவோர்க்கு ஆயிரம் நடைமுறைக் காரணங்கள் இருக்கலாம். தேர்வு கைவிட்டதை வகுப்பறையும் கைவிட வேண்டியதில்லை.

பயிற்சி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பின்வருவது நாமே புனைந்தது. ஒரு சிற்றிதழின் ஆசிரியர் குழுவிடம் ஒருவர் இவ்வாறு பரிந்துரைக்கிறார்: ‘சென்ற ஆண்டு கவிதைக்கான பக்கங்களைப் பாதியாகக் குறைத்து நேர்காணல்களைக் கூட்டினோம். சந்தாதாரர் எண்ணிக்கை 300இலிருந்து 420 ஆயிற்று. ஆகவே வரும் ஆண்டு கவிதையை முற்றிலும் நீக்கினால் சந்தா மேலும் பெருகும்.’

கவிஞர்கள் இதைப் படித்தவுடன் கொதிப்பார்கள். கொதிப்பு மறுப்பாகாது. நேர்காணலை விரும்புவோர் தலையசைப்பார்கள். அதுவும் மதிப்பீடாகாது. கேட்கவேண்டியவை வேறு. சந்தா கூடியதற்கும் கவிதை குறைந்ததற்கும் தொடர்பு உண்டா, அல்லது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? அவ்வாண்டில் இதழ் புத்தகக் காட்சியில் கடை போட்டதா? நூலகங்கள் சந்தா செலுத்தினவா? தொடர்பு உண்டென்றே கொள்வோம். கூடியது கவிதை குறைந்ததாலா, நேர்காணல் மிகுந்ததாலா? இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டுப் பயனை ஒன்றுக்கு மட்டும் எழுதுவது எப்படி? பாதியாகக் குறைத்ததால் விளைந்த நன்மை முழுவதும் நீக்கினால் இரட்டிக்கும் என்பதற்கு என்ன உறுதி? உப்பைக் குறைத்தால் குழம்பு சுவைக்கும் என்பதால் உப்பே இல்லாத குழம்பு மேலும் சுவைக்குமா? இறுதியாக, இதழின் நோக்கம் சந்தாவைப் பெருக்குவது மட்டுந்தானா? இக்கேள்விகளுள் ஒன்றுகூடப் பரிந்துரையைப் பொய்யென்று சொல்லவில்லை. சொன்ன காரணங்கள் போதா என்றும், இன்னின்னவை தெரிந்தால் போதும் என்றுமே சொல்கின்றன. மதிப்பீடு என்பது இவ்வளவுதான்.

இதனை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை மீண்டும் ஒருமுறை படிப்பது நலம். அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்குமுன் அளவையை உரைக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறார். மலையில் நெருப்பு உண்டு, ஏனெனில் புகை உண்டு, அடுக்களையில் கண்டதுபோல. இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றும் பழுதுபடும் வழிகளைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகுத்து எண்ணிச் சொல்கிறார். ‘போலி’ என்னும் சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. காரணம்போல் தோன்றி காரணமாகாதது. சான்றுபோல் தோன்றி சான்றாகாதது. துறவு பூண்டு தருமம் கேட்க வந்தவளுக்கு முதற்பாடம் போலியைக் கண்டறிதல் என்பது தற்செயலன்று. நாமோ பாட்டைத் தேர்வுக்கு நடத்தும்போது ‘தருக்கப் பகுதி, கதையோட்டத்துக்குத் தடை’ என்று அக்காதையைத்தான் முதலில் தள்ளிவிடுகிறோம்.

அக்கண் கொண்டு உலகில் நிகழ்ந்த மூன்று வாதங்களைப் பார்ப்போம்.

முதலாவது வணிகம். 1985 ஏப்ரலில் கோகோ கோலா நிறுவனம் தன் பழைய பானத்தை நிறுத்திவிட்டுப் புதிய சுவையில் ஒன்றை வெளியிட்டது. அதற்கு ஆதாரமாக ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் நடத்திய சுவைச் சோதனைகள் இருந்தன. பெயர் சொல்லாமல் பருகத் தந்தபோது பெரும்பாலோர் புதியதையே விரும்பினர். மக்கள் பலத்த எதிர்ப்புத் தெரிவிக்கவே 79 நாட்களில் பழைய பானத்தை மீட்டுக் கொணர்வதாக நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கையில் குறையில்லை; 2 லட்சம் சிறு எண் அன்று. கேட்ட கேள்வியும் எடுத்த முடிவும் வேறுவேறு என்பதே குறை. ஒரு மிடறில் இனிப்பானது முழுப் புட்டியில் திகட்டலாம். ‘இரண்டில் எது சுவை?’ என்பது ஒரு கேள்வி. ‘நீங்கள் இளமை முதல் பருகியதை இனிக் கிடைக்காமல் செய்யலாமா?’ என்பது வேறொரு கேள்வி. முன்னதன் விடையைப் பின்னதற்கு விடையாகக் கொண்டனர்.

இரண்டாவது கல்விக் கொள்கை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளிலும் மறுசாராரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் அமர்த்தினர். சிறு வகுப்பினர் மேம்பட்டுத் தேறினர். கல்வி ஆய்வுகளில் இதற்கு இணையான உறுதியுடையவை மிகச் சிலவே. 1996இல் கலிபோர்னியா மாநிலம் சிறுவகுப்புக் கொள்கையை ஒரேயடியாக மாநிலம் முழுதும் நடைமுறைப்படுத்தி, தொடக்க வகுப்புகளின் அளவை இருபதாகக் குறைத்தது. வகுப்புகள் பெருகியதால் ஆசிரியர் தட்டுப்பாடு நேர்ந்தது. முழுத் தகுதிபெறாதோர் பெருமளவில் பணியமர்த்தப்பட்டனர். ஏழைப் பகுதிப் பள்ளிகளே இதனால் மிகுதியும் பாதிக்கப்பட்டன. வேறு பயனுக்கு இருந்த அறைகள் வகுப்பறைகளாக்கப்பட்டன. கற்றல் மேம்பாட்டை இக்கொள்கையோடு உறுதியாகத் தொடர்புபடுத்த மதிப்பீட்டாளர்களால் இயலவில்லை. டென்னசி அடுக்களை, கலிபோர்னியா மலை. அடுக்களையில் கண்டது பொய்யன்று. ஆனால் அங்கே புகையோடு உடனிருந்தவை, அதாவது தேர்ந்த ஆசிரியரும் போதிய இடமும், மலையில் உண்டா என்று பார்க்கவேண்டும். உண்மையான சான்றுகூட இடம் மாறினால் போலியாகிவிடும் என்பதே இதன் பாடம்.

மூன்றாவது நம் நாட்டில் நிகழ்ந்தது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது பல காரணங்கள் கூறப்பட்டன. பரவலாகப் பேசப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கறுப்புப் பணம் கட்டுக்கட்டாகத் தாளாக இருக்கிறது, வைத்திருப்போர் வங்கிக்கு வர அஞ்சுவர், ஆகவே அப்பணம் அழியும். இதில் சொல்லாமல் விடப்பட்ட முற்கோள்கள் இரண்டு. கணக்கில் வராத செல்வம் நிலமாகவோ பொன்னாகவோ அன்றித் தாளாகவே பெரும்பாலும் உறைகிறது என்பது ஒன்று. பிறர் கணக்கின் வழியாகத் தாளை வங்கியில் சேர்க்க அவர்க்கு வழியிராது என்பது மற்றொன்று. ரிசர்வ் வங்கியின் 2017-18ஆம் ஆண்டறிக்கையின்படி, செல்லாதாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 விழுக்காடு, திரும்பி வந்தது. பணம் அழியும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. இவ்வெண்ணைக் கொண்டு, ‘எல்லாம் திரும்பிவிட்டது, ஆகவே கறுப்புப் பணம் என்பதே இல்லை’ என்று மறுதரப்பில் சிலர் முழங்கினர். இதுவும் ஏதுப்போலியே. வங்கிக்குள் வந்ததனாலேயே ஒரு பணம் வெள்ளையாகிவிடாது. நமக்குப் பிடிக்காத வாதத்தின் ஓட்டையைக் காண்பது எளிது. நமக்குப் பிடித்த முடிவுக்கு வந்துசேரும் வாதத்தின் ஓட்டையைக் காண்பதுதான் பயிற்சி.

இலக்கியத்தைக் கொண்டே இதனைப் பயிலலாகாதா என்று கேட்கலாம். பயிலலாம், ஆயினும் தொடக்கத்தில் வேண்டாம். நமக்கு உகந்த எழுத்தாளரைப் பற்றிய பேச்சில் பற்றும் பகையும் முந்திக்கொள்கின்றன. குளிர்பானத்தின் சுவையில் நமக்கு மானப் பிரச்சினை ஏதும் இல்லை. மேலும், வணிக வாதத்துக்கும் கொள்கை வாதத்துக்கும் பின்விளைவு என்ற ஒன்று உண்டு. சில ஆண்டுகளில் வாதம் நின்றதா வீழ்ந்ததா என்பது தெரிந்துவிடும். அங்கே கண் பழகிய பின்னர் நம் விமர்சன உலகுக்குத் திரும்பினால் தெரிவன சில உண்டு. ‘பத்து மொழிகளில் பெயர்க்கப்பட்டது, ஆகவே சிறந்த நாவல்.’ ‘எளிதில் விளங்கவில்லை, ஆகவே ஆழமானது.’ ‘எளிதில் விளங்குகிறது, ஆகவே மேலோட்டமானது.’ ‘இன்னார் இன்ன முகாமைச் சேர்ந்தவர், ஆகவே அவர் எழுதியதில் பொருட்படுத்த ஏதுமில்லை.’ முதல் மூன்றையும் வாதமென்றே நாம் எண்ணி வந்துள்ளோம். நான்காவதற்குச் சிறப்பிதழே போட்டிருக்கிறோம்.

இதற்கு எழக்கூடிய தடைகளுள் வலுவானது ஒன்றே. இப்பயிற்சி குற்றம் காண்போரை மட்டுமே உருவாக்கும். எதையும் நம்பாத, எதையும் செய்யாத ஒரு கூட்டம் பெருகும் என்பது அது. அச்சம் நியாயமானது. அதனால்தான் ஓட்டையைச் சுட்டுவதோடு விடாமல், எது கிடைத்தால் வாதம் வலுப்பெறும் என்பதையும் எழுதச் சொல்லவேண்டும். வாதம் பழுதானால் முடிவும் பொய் என்று துள்ளுவதும் ஒரு பிழையே. சிறு வகுப்பு நல்லது என்பது கலிபோர்னியாவின் அவசரத்தால் பொய்யாகிவிடவில்லை. கணினியே இத்தகைய கட்டுரையை நொடியில் எழுதித் தருமே என்பாரும் உளர். எழுதித் தரும். அது எழுதித் தந்ததில் போலி உண்டா என்று பார்ப்பது யார்?

வகுப்பில் செய்யத்தக்கது எளிது. வாரம் ஒருநாள், நாளிதழிலிருந்து ஐந்து வரிகளுக்கு மேற்படாத ஒரு வாதம். முடிவு எது, சொன்ன காரணம் எது, சொல்லாத காரணம் எது, எதை அறிந்தால் ஏற்போம் என நான்கு வினா. அரைமணி நேரம். ‘நான் ஏற்கிறேன்’, ‘நான் மறுக்கிறேன்’ என்னும் சொற்களுக்கு மட்டும் அன்று தடை. நம் மாணவர்க்கு முதலில் கைவராதது இத்தடைதான். அதுவே இது எவ்வளவு தேவை என்பதற்குச் சான்று.

‘மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆகவே இப்பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைக்கலாம்.’ இவ்வாறான ஒருவரி வாதங்களால்தான் ஊர்களின் வாழ்வு தீர்மானிக்கப்படுகிறது. எண்ணிக்கை ஏன் குறைந்தது, அடுத்த ஊருக்கு ஆறு வயதுக் குழந்தை எப்படிச் செல்லும் என்று அக்கூட்டத்தில் எழுந்து கேட்பவர் பொருளியல் பட்டதாரியாக இருக்கவேண்டியதில்லை. சொல்லையும் பொருளையும் கூர்ந்து படிக்கப் பழகிய ஒரு தமிழ் மாணவராக இருக்கலாம். அப்படி ஒருவரை நாம் உருவாக்கியிருக்கிறோமா என்பதே நம் துறையை நோக்கி எழும் கேள்வி.