பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யைத் திறங்கள்!

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார், ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார், ஆக்ஸிலேட்டரை மிதித்துப் புகையைப் பார்ப்பார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து "வண்டி நீட்டா இருக்குங்க" என்பார். பிறகு விலை பேசுவார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு பிளாஸ்டிக் கவர் கைக்கு வரும். உள்ளே ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டு மூன்று ஃபாரம். "ஓனரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாருங்க, பேரை நீங்க மெதுவா மாத்திக்கலாம்."

இந்த "மெதுவா" என்ற ஒரு வார்த்தைதான் நம் ஊர்ப் பழைய கார் வியாபாரத்தைப் பிடித்திருக்கும் வியாதி!

இத்தனைக்கும் இது வண்டி தெரியாத சீமை இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் வடக்கே பல மாநிலங்களில் ஓடுகின்றன. சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைத் தேட வேண்டும். பழைய லாரி வாங்கும்போது இதே ஆட்கள் பர்மிட், எஃப்.சி., டாக்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி என்று காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அதே குடும்பம் அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டு உபயோகத்துக்கு ஒரு கார் வாங்கும்போது மட்டும் காகிதம் கடைசிக்குப் போய்விடுகிறது. ஏன்? லாரி தொழில், கார் ஆசை. ஆசைக்குக் காகிதம் கண்ணில் படாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50. வண்டியை விற்றவர் (அதே மாநிலத்துக்குள் என்றால்) 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் அதற்குத்தான். பரதன் 14 வருஷம் அண்ணன் பேரில் நாட்டை ஆண்டான், பாதுகை இருந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. கோதண்டராமர் குடியிருக்கும் அயோத்தியாப்பட்டணத்தில் அடுத்தவர் பேரில் ஒரு மாருதியை ஓட்ட வருஷக்கணக்கு செல்லாது, நாள் கணக்குதான்!

"பேர் மாத்தலைன்னா என்ன ஆயிடும்?" என்று கேட்பவர்களுக்கு சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரி 6 அன்று பதில் சொல்லிவிட்டது. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது வரிசையாகப் பல கை மாறியது. யாரும் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம், ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தக் கார் மோதி ஒருவர் இறந்தார், ஒரு பெண்ணுக்குக் காயம். நஷ்ட ஈட்டுக்கு யார் பொறுப்பு? ஓட்டியவரோடு சேர்த்து, ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் என்றது நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்கு முன்பே விற்றவர்! அவர் செய்த தப்பு விற்றதல்ல, பெயரைப் பின்னால் விட்டு வந்ததுதான்.

இன்னும் பயங்கரமான உதாரணங்களும் உண்டு. 2022 அக்டோபர் 23 அன்று கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் வெடித்தது பல கை மாறிய ஒரு பழைய மாருதி கார். 2025 நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் அப்படியே. அந்த மாதிரி நேரத்தில் போலீஸ் எங்கே போய்க் கதவைத் தட்டும்? ஆர்.சி.யில் இருக்கும் பேரைத் தேடித்தான்.

"இதெல்லாம் விற்றவன் கவலை, வாங்குபவனுக்கு என்ன?" என்று நினைத்தால் அதுவும் தப்பு. பிரிவு 157-ன்படி மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு கூடவே வந்துவிடும். ஆனால் வாங்கியவரின் சொந்த வண்டி நொறுங்கினால்? பாலிசியைத் தன் பேருக்கு மாற்றாதவர் அந்தச் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்க முடியாது என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் கையில் மிஞ்சுவது ஒரு சாவி மட்டும்.

பிறகு ஏன் யாரும் மாற்றுவதில்லை? சோம்பேறித்தனம் பாதி, கணக்கு மீதி. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் ஆர்.சி.யில் "எத்தனையாவது ஓனர்" என்ற எண் ஏறும், விலை இறங்கும். அதனால் கையெழுத்து மட்டும் போட்டு, தேதியும் வாங்குபவர் பேரும் எழுதாத ஃபாரத்தோடு வண்டி சுற்றுகிறது. நாலாவது கை வண்டி இரண்டாவது கை விலைக்குப் போகிறது. இது வசதி அல்ல, ஏமாற்று வேலை!

ஆட்டோ கன்சல்டிங்காரர்கள் "எங்க பேருக்கு மாத்தினா ஓனர் கூடிடுமே" என்பார்கள். அந்தச் சாக்கும் இப்போது செல்லாது. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகத் தகவல் பதிவானதும் பொறுப்பு அவருடையதாகிவிடும். "சான்று இருக்குதுங்களா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

சரி, இன்ஜினைப் பார்க்கவே வேண்டாமா? தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் வரிசை மாற வேண்டும்.

1. பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, ஃபைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ் முடியும் நாள் தெரியும். ஈ-சலான் தளத்தில் அபராத பாக்கி தெரியும். கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

2. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும்.

3. பெங்களூர் வண்டி, பாண்டிச்சேரி வண்டி விலை குறைவு என்று பறக்க வேண்டாம். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஃபாரம் 28) வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு, தமிழ்நாட்டு வரி என்று தனிச் செலவு இருக்கிறது.

4. கிலோமீட்டர் மீட்டரை நம்ப வேண்டாம், டிஜிட்டல் மீட்டரையும் திருத்துகிறார்கள். சர்வீஸ் ரெக்கார்டு, பெடல் தேய்மானம், டயரில் இருக்கும் நாலு இலக்க எண் (2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்த டயர்) இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

5. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மிதந்ததை டிவியில் பார்த்தோமே? சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும்.

நாலாவதும் ஐந்தாவதும் தப்பினால் போவது காசு. முதல் மூன்று தப்பினால் போவது நிம்மதி.

தீர்வு ரொம்ப எளிது. முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காமல், பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வரும்வரை ஒரு நல்ல தொகையை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் "வர்றோங்க" என்று கிளம்பிவிட வேண்டும்.

இதைப் படிக்கும் நண்பர்கள் பலர் இன்னும் கார் வாங்கும் வயசுக்கு வரவில்லைதான். ஆனால் வீட்டில் அப்பாவோ மாமாவோ எப்போதோ விற்ற கார், ஸ்கூட்டர் ஏதாவது இருக்கும். அந்த நம்பரை இன்று இரவே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் முடிந்து, இன்னும் அதே பேரில் எந்த ஊரிலோ அது ஓடிக்கொண்டிருந்தால், நாளைக் காலை முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான்.