புள்ளியும் புள்ளிவிவரமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளி அணிக்குக் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் இருக்கக்கூடும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘நீ எத்தனை புள்ளி எடுத்தாய்?’ என்பதே. அன்பினால் எழும் கேள்விதான் அது. ஆயினும் நாள்தோறும் அதனையே கேட்டுவரின், பிள்ளையின் ஆட்டமே மாறிவிடக்கூடும். புள்ளி ஒன்றே பெருமை என்று கண்டுகொண்ட சிறுவன், நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடாமல் தானே எறியத் தலைப்படுவான். ஆதலின் கூடைப்பந்தில் எண்கள் எதைச் சொல்லுகின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

முதலில் ஓர் அணியின் புள்ளியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.யில் 1990-91 பருவத்தில் டென்வர் நகரத்து அணி ஆட்டத்துக்குச் சராசரி 119.9 புள்ளி எடுத்தது. அப்பருவத்தில் வேறெந்த அணியும் அவ்வளவு எடுக்கவில்லை. இதை மட்டும் படிப்பவர் அவ்வணியே சிறந்தது என்று எண்ணுவர். உண்மையோ வேறு. 82 ஆட்டங்களில் அது வென்றவை 20, தோற்றவை 62. எதிரணிகளுக்கு அது விட்டுக்கொடுத்த புள்ளி சராசரி 130.8!

இதற்கு நேர்மாறானது 2003-04 பருவத்து டெட்ராய்ட் அணி. அது எடுத்தது சராசரி 90.1 புள்ளியே. ஆனால் எதிரணிகளை 84.3 புள்ளிக்குள் அடக்கிவிட்டது. 54 ஆட்டங்களில் வென்று, இறுதிப் போட்டியில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியை 4-1 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பையையும் கைக்கொண்டது.

எடுத்ததைப் போலவே கொடுத்ததையும் எண்ண வேண்டும் என்பது இதன் முதற் பாடம். இரண்டாவது பாடம் வேகத்தைப் பற்றியது. டென்வர் அணி பந்து கைக்கு வந்தவுடன் ஓடி எறிந்துவிடும். அதனால் அதன் ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் வாய்ப்புகள் பெருகின. வாய்ப்புப் பெருகியதால் புள்ளியும் பெருகிற்று. அது திறமையின் பெருக்கமன்று.

எனவே அறிந்தோர் புள்ளியை ஆட்டத்தால் வகுப்பதில்லை, முறையால் வகுக்கின்றனர். பந்து ஓர் அணியின் கைக்கு வந்தது முதல் எதிரணியின் கைக்குப் போகும் வரையிலான காலத்தை ஒரு முறை என்று கொள்க. ஓர் அணி 110 முறைகளில் 110 புள்ளி எடுக்கிறது. மற்றோர் அணி வேறோர் ஆட்டத்தில் 90 முறைகளில் 99 புள்ளி எடுக்கிறது. பத்திரிகையில் பெரிதாகத் தோன்றுவது முன்னதே. ஆனால் முறைக்கு ஒரு புள்ளி எடுத்த அணியைவிட, முறைக்கு 1.1 புள்ளி எடுத்த அணியே பந்தை நன்கு பயன்படுத்தியது. நம் இல்லத்தரசியர் அறியாத கணக்கன்று இது. மொத்தச் செலவைக் கேட்டு எவரும் ஒரு குடும்பத்தின் சிக்கனத்தை அளப்பதில்லை. எத்தனை பேருக்கு அச்செலவு என்று கேட்ட பின்பே அளப்பர். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் டீன் ஸ்மித், கணினி பரவுவதற்கு முன்பே இவ்வாறு முறைக்கணக்கு வைத்துத் தம் அணியை எடைபோட்டவர்.

ஒரு முறையின் பயன் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் இதற்கு நான்கு காரணங்களை வகுத்துரைத்தார். எறிந்த பந்து எவ்வளவு பயன் தந்தது என்பது முதலாவது. எறியாமலே பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை என்பது இரண்டாவது. கூடையில் விழாமல் திரும்பிய பந்தை மீண்டும் கைப்பற்றியது எத்தனை முறை என்பது மூன்றாவது. இதனையே பிள்ளைகள் ரீபவுண்டு என்பர். எதிரணியின் தவற்றால் கிடைக்கும் ‘ஃப்ரீ த்ரோ’ வாய்ப்பு நான்காவது. வெற்றியில் இவற்றின் பங்கு முறையே நூற்றுக்கு 40, 25, 20, 15 என்பது அவருடைய மதிப்பீடு. இந்நான்கையும் எதிரணிக்கும் கணக்கிட வேண்டும் என்பதை மறத்தலாகாது.

முதலாவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவன் அருகிலிருந்து பத்து முறை எறிந்து ஐந்தைக் கூடையிலிட்டால் பத்துப் புள்ளி. வேறொருவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பத்து முறை எறிந்து நான்கை இட்டால் பன்னிரண்டு புள்ளி. நூற்றுக்கு ஐம்பது என்றும் நூற்றுக்கு நாற்பது என்றும் மட்டும் எழுதினால் முன்னவனே சிறந்தவன் போலத் தோன்றுவான். ஆகவேதான் மூன்று புள்ளி எறிக்கு ஒன்றரை மடங்கு மதிப்பளித்துக் கணக்கிடும் வழக்கம் வந்தது.

இனி, தனி ஆட்டக்காரரின் எண்ணுக்கு வருவோம். இதில் வில்ட் சேம்பர்லின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 1961-62 பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக ஆடிய அவர், ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2-ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி குவித்தார். இன்றுவரை இவ்விரு சாதனைகளையும் முறியடித்தவர் இல்லை. ஆயினும் அப்பருவத்தில் கோப்பை அவர் அணிக்குக் கிட்டவில்லை. பாஸ்டன் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் தோற்றது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதோ, ஆட்டத்துக்கு 18.9 புள்ளியே எடுத்த பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்குச் சென்றது. அன்று அவ்விருதுக்கு வாக்களித்தவர்கள் களத்தில் அவர்களோடு மோதிய ஆட்டக்காரர்களே.

ஐந்தாண்டு கழிந்தது. 1966-67 பருவத்தில் அதே சேம்பர்லின் பிலடெல்பியாவின் வேறோர் அணியில் அலெக்ஸ் ஹானம் என்னும் பயிற்சியாளரின்கீழ் ஆடினார். முன்பு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 40 முறை கூடையை நோக்கி எறிந்தவர் இப்போது 14 முறையே எறிந்தார். புள்ளி 24.1 ஆகக் குறைந்தது. ஆனால் தோழர்கள் கூடையிலிடுவதற்கு ஏதுவாக அவர் கொடுத்த பந்து ஆட்டத்துக்கு 7.8 ஆக உயர்ந்தது. அணி 81 ஆட்டங்களில் 68-இல் வென்றது. பாஸ்டனையும் வீழ்த்திக் கோப்பையை வென்றது. ஹால் கிரீர், செட் வாக்கர் முதலிய தேர்ந்த தோழர்கள் உடனிருந்தது இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒருவரது புள்ளி பாதியாகக் குறைந்தபோது அவரால் அணி அடைந்த பயன் குறையவில்லை என்பது தெளிவு.

எண்ணாமல் விடுபடுபவையும் உண்டு. எதிரி எறியும் பந்தைத் தடுப்பதில் ரஸ்ஸல் இணையற்றவர். ஆனால் அத்தடுப்புகளை என்.பி.ஏ. முறையாகக் குறித்துவைக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அவரோ 1969-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். பதின்மூன்று பருவங்களில் பதினொரு கோப்பைகளை வென்ற அணியின் தூணாக நின்றவரின் தலையாய திறமை கணக்கேட்டில் ஏறவே இல்லை!

இக்குறையைப் போக்க வந்ததே கூட்டல் கழித்தல் கணக்கு. ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது, அல்லது குறைவாக எடுத்தது என்று அது பார்க்கிறது. ஹூஸ்டன் அணியில் ஆடிய ஷேன் பாட்டியர் புள்ளியும் குறைவாக எடுப்பார், ரீபவுண்டும் குறைவு. ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அணி நன்றாக ஆடிற்று. எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறினர். எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009-இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையால் பலரும் இதனை அறிந்தனர்.

இக்கணக்கையும் கண்மூடி நம்புதல் கூடாது. களத்தில் ஒருவரோடு இருப்பவர் ஒன்பது பேர். சிறந்த நால்வரோடு நிற்பவனுக்கு நல்ல எண் தானே வரும். ஓர் ஆட்டத்து எண்ணைக் கொண்டு ஒருவனை மதிப்பிடுவது, ஒரு நாள் மழையைக் கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைச் சொல்லுவது போலாகும். பல ஆட்டங்களின் எண்களைச் சேர்த்து, உடன் ஆடியவர் யார், எதிர்த்து ஆடியவர் யார் என்பதையும் கருதிப் பார்த்தால்தான் அதில் பொருள் காணலாம்.

இத்தனை கணக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. அவர்கள் வெற்றியும் தோல்வியும் கண்டு மகிழ்ச்சியோடு ஆடினாற் போதும். கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. ‘யாருக்குப் பந்து கொடுத்தாய்? யாரைத் தடுத்து நின்றாய்? பந்தைப் பறிகொடுத்த பின் திரும்பி ஓடினாயா? நீ ஆடிய நேரத்தில் உங்கள் அணி எப்படி ஆடிற்று?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு புள்ளியும் எடுக்காத பிள்ளைக்கும் அன்று சொல்லுவதற்கு ஏதேனும் இருக்கும். அதனை நாம் பொறுமையாகக் கேட்டால், அடுத்த ஆட்டத்தில் நல்ல இடத்தில் நிற்கும் தோழனுக்கு அப்பிள்ளை தயங்காமல் பந்தைக் கொடுக்கும்.