கைதட்டல் பந்துக்கா, மனிதனுக்கா?

2008ஆம் ஆண்டு ஜூலை 14. நியூயார்க் நகரின் பழைய யாங்கி ஸ்டேடியம். பேஸ்பால் உலகின் புகழ்பெற்ற ஹோம் ரன் போட்டி அன்று அங்கே நடந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பந்து போடப் போட சிக்ஸர் அடித்துக் கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் போட்டி. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஜோஷ் ஹாமில்டன் முதல் சுற்றில் மட்டும் 28 ஹோம் ரன்கள் அடித்தார். அதற்கு முன் ஒரு சுற்றில் அதிகபட்சம் 24தான். வேறு ஊர்க்காரரை எளிதில் பாராட்டாத நியூயார்க் ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். இறுதிச் சுற்றில் அவர் ஜஸ்டின் மோர்னோவிடம் தோற்றுப் போனார். ஆனால் அந்த ஆண்டு ஜெயித்தது யார் என்று கேட்டால் பேஸ்பால் ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். தோற்றவரைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது!

காரணம் 28 என்ற எண் மட்டும் அல்ல. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே மனிதர் கிராக் கொக்கெய்ன் புகைத்துக் கொண்டிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். அழிந்து போனவன் எழுந்து வந்து அடிக்கிறான் என்பதுதான் அன்று கூட்டத்தைச் சிலிர்க்க வைத்தது.

இந்தச் சிலிர்ப்பு சரியா, தவறா? அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய சண்டை நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் கதைச் சுருக்கம். 1999ல் பள்ளி முடித்த 18 வயதுப் பையனாக, நாட்டிலேயே முதல் ஆளாக ஹாமில்டனைத் தம்பா பே அணி தேர்ந்தெடுத்தது. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 39 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 2001ல் ஒரு கார் விபத்தில் காயம். ஆட முடியாமல் சும்மா இருந்த காலத்தில் மது வந்தது, பின்னால் கொக்கெய்ன் வந்தது. 2004ல் பேஸ்பால் நிர்வாகம் அவருக்குத் தடை விதித்தது. 2003 முதல் 2005 வரை ஒரு ஆட்டம்கூட இல்லை. 2005 அக்டோபரில் பாட்டி வீட்டில் தங்கி அவர் போதையை விட்டார். 2007 ஏப்ரலில் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காக முதன்முதலாகப் பெரிய லீக்கில் பேட் பிடித்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. 2010ல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

சினிமாவாக எடுத்தால் இங்கே "சுபம்" போட்டு விடலாம். ஆனால் வாழ்க்கையில் அப்படிப் போட இடம் கிடைப்பதில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வது

இந்தக் கைதட்டலை எதிர்ப்பவர்களின் கேள்வி எளிமையானது. "தானாகவே குழியில் விழுந்தவன் ஏறி வந்ததற்கு இவ்வளவு பாராட்டா? ஒரு நாளும் போதையைத் தொடாமல், ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்து, குடும்பத்தைக் காப்பாற்றுகிற வீரனுக்கு யார் எழுந்து நிற்கிறார்கள்?"

இது அலட்சியப்படுத்த வேண்டிய கேள்வி அல்ல. ஒழுங்காக இருப்பவர்களைப் பற்றிக் கதை எழுத யாரும் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. விழுவதும் எழுவதும் முழுக்க முழுக்க மன உறுதியின் கணக்கு என்ற நினைப்பு அது. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி ஒரு முறையாவது சறுக்குகிறார்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களில் மருந்தை விட்டு விட்டு நோயை மறுபடி வரவழைத்துக் கொள்பவர்களின் விகிதமும் ஏறக்குறைய இதே அளவு, சொல்லப் போனால் கொஞ்சம் அதிகம். ஆஸ்துமா நோயாளிக்கு மறுபடி மூச்சுத் திணறினால் "ஏமாற்றுக்காரன்" என்று யாரும் திட்டுவதில்லை.

ஆகவே, தொடக்கத்தில் எடுத்த முதல் மிடறுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். ஆனால் பிடித்த நோயோடு அவர் தினமும் போடும் சண்டை பாராட்டுக்கு உரியது. ஒழுங்காக இருப்பவரைப் பாராட்டுவதும், மீண்டு வருபவரைப் பாராட்டுவதும் ஒன்றை ஒன்று தின்று விடப் போவதில்லை. கைகள் இரண்டும் எல்லோருக்குமே இருக்கின்றன.

உண்மையான சிக்கல் வேறு

சிக்கல் பாராட்டில் இல்லை. எதைப் பாராட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஹாமில்டனின் மூன்று சறுக்கல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது புரியும்.

முதல் சறுக்கல் 2009 ஜனவரியில் அரிசோனாவில் ஒரு மதுக்கடையில். ஆகஸ்டில் புகைப்படங்கள் வெளியாயின. அவர் மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் மன்னித்தார்கள். அடுத்த ஆண்டே அவர் விருது வாங்கினார்.

இரண்டாவது 2012 தொடக்கத்தில் டல்லாஸில். மறுபடி மன்னிப்பு. அந்த ஆண்டு மே 8ஆம் தேதி பால்டிமோரில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்கள் அடித்தார். சறுக்கலைப் பற்றிய பேச்சு அடங்கிப் போனது.

மூன்றாவது 2015ல். இதற்குள் அவர் ஏஞ்சல்ஸ் அணியோடு ஐந்து ஆண்டுகளுக்கு 12 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஆனால் 2014ல் அவர் அடித்தது 10 ஹோம் ரன்கள்தான். தோளிலும் அறுவை சிகிச்சை. இந்த முறை புகைப்படம் எதுவும் வெளியாகவில்லை, சறுக்கியதைத் தானே முன்வந்து நிர்வாகத்திடம் சொன்னார். சிகிச்சைத் திட்டத்தின் விதியை அவர் மீறவில்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார், அதனால் தடையும் இல்லை. ஆனால் அணி நிர்வாகம் அந்தத் தீர்ப்பைப் பார்த்து மகிழவில்லை. தன் அதிருப்தியை ஊரறிய அறிக்கையாக வெளியிட்டது. அவருடைய பெயரில் உடைமாற்றும் அறையில் ஓர் அலமாரிகூட ஒதுக்கவில்லை. ஏப்ரல் மாதமே, மீதிச் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தன் கையிலிருந்தே கொடுத்து, அவரைப் பழைய டெக்சாஸ் அணிக்கே அனுப்பி வைத்தது.

ஒரே நோய். ஒரே மனிதர். மூன்று சறுக்கல்களில் மிக நேர்மையாக அவர் நடந்து கொண்டது மூன்றாவதில்தான். கிடைத்த மரியாதையோ அதில்தான் மிகக் குறைவு! இடையில் மாறியது என்ன? ஹோம் ரன் எண்ணிக்கை மட்டுமே. ஒப்பந்தத் தொகை பெரியது, முதலாளிக்கும் கோபம் வரும் என்று சொல்லலாம். ஆனால் 40 ஹோம் ரன் அடிப்பவராக இருந்திருந்தால் அந்தக் கோபம் அறிக்கையாக வெளியே வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

அப்படியானால் இத்தனை நாளும் கைதட்டியது யாருக்கு? போதையை விட்ட மனிதருக்கா, பந்தை வெளியே பறக்க விட்ட மட்டைக்கா?

திறமை இல்லாதவனுக்கு என்ன கிடைத்தது?

கிராக் என்ற அதே பொருளோடு பிடிபட்ட, மட்டை பிடிக்கத் தெரியாதவர்களுக்கு அதே நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1986 ஜூன் மாதம் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. இரண்டே நாளில் கொக்கெய்னால் இறந்து போனார். வயது 22. நாடே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் வேகத்தில் அதே ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 500 கிராம் கொக்கெய்ன் பொடி விற்றால் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. கிராக் என்றால் அதே ஐந்து ஆண்டுக்கு வெறும் 5 கிராம் போதும். 1988ல் இன்னொரு சட்டம் வந்து, 5 கிராமுக்கு மேல் கிராக் கையில் வைத்திருந்தாலே அந்தத் தண்டனை என்றது. சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். 2010ல்தான் இந்த நூறுக்கு ஒன்று என்ற விகிதம் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. அந்த 2010லேதான் ஹாமில்டன் விருது வாங்கினார்.

ஹாமில்டனையும் சிறையில் போட்டிருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. அவருக்குக் கிடைத்ததுதான் சரி. சிகிச்சை, பொறுமை, இரண்டாவது வாய்ப்பு, மூன்றாவது வாய்ப்பு. அதே சரி மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். ஒருவனின் நோயை "போராட்டம்" என்றும் இன்னொருவனின் நோயை "குற்றம்" என்றும் அழைக்க, பந்தை எவ்வளவு தூரம் அடிக்கிறான் என்பது அளவுகோலாக இருக்கக் கூடாது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1993ல் அடுத்தடுத்த இரண்டு டெஸ்டுகளில் 224, 227 என்று இரட்டைச் சதம் அடித்தவர் வினோத் காம்ப்ளி. மதுவோடு அவர் பட்ட பாடு ஊரறிந்தது. ஆட்டம் முடிந்து வெகுகாலம் ஆன பின், 2024 டிசம்பரில் மும்பை சிவாஜி பார்க்கில் நடந்த ஒரு விழாவில் அவர் தளர்ந்து போய் உட்கார்ந்திருந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பழைய வீரர்கள் சிலர் உதவிக்கு முன்வந்தார்கள், அது நல்லது. ஆனால் வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் "ஐயோ பாவம்" என்று சொல்லி விட்டு, சச்சினோடு ஒப்பிட்டு ஒரு நீதிக்கதையும் சொல்லி முடித்துக் கொண்டார்கள். மறுபடி அடிக்கப் போகும் சதம் எதுவும் இல்லாதவர் மீள முயன்றால், அதற்குக் கைதட்ட ஆள் குறைவு.

நல்ல பாராட்டு எப்படி இருக்கும்?

பாராட்டு வேண்டாம் என்பதல்ல முடிவு. சரியான பாராட்டு உயிரைக் காக்கும். அதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன.

டெக்சாஸ் அணி ஹாமில்டனுக்காக ஒரு பயிற்சியாளரைத் துணைக்கு வைத்திருந்தது. வெளியூர் ஆட்டங்களின்போது கைச்செலவுப் பணத்தை அவர்தான் வைத்திருப்பார். வாரம் மூன்று முறை போதைப் பரிசோதனை. 2010 அக்டோபரில் தம்பா பே அணியை வென்றபோது, வழக்கமாக ஷாம்பெயின் பீய்ச்சிக் கொண்டாடும் வீரர்கள், ஹாமில்டனும் கலந்து கொள்ள வேண்டும் என்பதற்காக ஜிஞ்சர் ஏல் பாட்டில்களோடு காத்திருந்து அவரை நனைத்தார்கள். இஞ்சி சோடாதான், ஐந்து டாலர் சமாச்சாரம்! ஆனால் ஒரு மைதானம் நிறையக் கைதட்டலை விட அதில் அக்கறை அதிகம்.

இங்கிலாந்தில் ஆர்சனல் கால்பந்து அணியின் கேப்டன் டோனி ஆடம்ஸ், குடித்து விட்டுக் கார் ஓட்டியதற்காக 1990ல் சிறைக்குப் போனவர். 1996ல் "நான் குடி நோயாளி" என்று வெளிப்படையாக அறிவித்தார். அதன் பிறகுதான் அவர் தலைமையில் 1998லும் 2002லும் அணி இரட்டைக் கோப்பை வென்றது. தனக்குக் கிடைத்த மரியாதையை அவர் தனக்கே வைத்துக் கொள்ளவில்லை. 2000ல் போதைக்கு அடிமையான விளையாட்டு வீரர்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். பாராட்டு ஒருவரோடு நிற்காமல் அடுத்தவருக்கும் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிர் மரடோனா. தெய்வம் என்றே கொண்டாடினார்கள், அவர் பெயரில் கோயில் மாதிரி ஓர் அமைப்பே வைத்தார்கள். மருத்துவமனை வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தெய்வத்திடம் "வேண்டாம், போதும்" என்று யார் சொல்ல முடியும்? கும்பிடுகிற கை பிடித்து நிறுத்தாது.

ஆகவே பாராட்டுக்கு மூன்று சோதனைகள் போதும். ஆட்டம் மோசமான பிறகும் அது தொடர்கிறதா? சறுக்கிய அன்று, தானே வந்து சொன்ன நேர்மையையும் கணக்கில் எடுக்கிறதா? புகழ் இல்லாத ஒருவருக்கும் அது நீள்கிறதா?

மூன்றாவதுதான் மிகக் கடினம். தொலைக்காட்சியில் ஒரு வீரரின் மறுவாழ்வைப் பார்த்துக் கண் கலங்குகிற அதே வீட்டில், மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி வந்த சித்தப்பாவைக் கல்யாணப் பந்தியில் பார்த்ததும், "எத்தனை நாளைக்கோ!" என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் 28 ஹோம் ரன் அடிக்கப் போவதில்லை. அன்று இரவு குடிக்காமல் தூங்கப் போகிறார், அவ்வளவுதான். அதுவும் ஒரு சாதனை என்று தெரிந்தவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், மறுநாளும் அவர் அப்படியே தூங்க வாய்ப்பு அதிகம்.