குளவிக் கொட்டும் காலாவதியான சான்றிதழும்

"குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி." மலையகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு பழகிப்போனது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, தலவாக்கலை என்று இடம் மட்டும் மாறும். சில வேளைகளில் கடைசி வரியில் ஒருவர் உயிரிழந்தார் என்றிருக்கும். கொட்டிய இடத்திலிருந்து வைத்தியசாலை வாசல் வரை அந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்பது செய்தியில் வராது. அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவரைப் பற்றியும், அவருக்கு எப்போதோ கொடுக்கப்பட்ட முதலுதவிச் சான்றிதழைப் பற்றியும்தான் நான் எழுத வந்தேன்.

முதலில் நேரக் கணக்கு. பிரித்தானியாவில் ஒவ்வாமை அதிர்ச்சியால் ஏற்பட்ட மரணங்களை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, பூச்சிக் கொட்டினால் இறந்தவர்களில் இதயமோ மூச்சோ நின்றுபோக எடுத்த நேரத்தின் நடுமதிப்பு 15 நிமிடம் என்கிறது. இப்போது ஒரு கொழுந்து மலையை நினைத்துப் பாருங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்க வேண்டும். லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தால் அது திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் குண்டும் குழியுமான தோட்டப் பாதை, அதற்கும் பிறகுதான் பிரதான வீதி. 15 நிமிடம் பாதைக்கு இறங்கவே போதாது.

அம்புலன்ஸ் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1990 சுவசெரிய சேவை இந்திய உதவியுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவோடு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. அதே ஆண்டு அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. மோடி 2017 மே மாதம் வந்து திறந்துவைத்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் 150 கட்டில்கள் உண்டு. இவை பெரிய மாற்றங்கள். குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுமே தார் வீதியில்தான் தொடங்குகின்றன. கடந்த 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகள் அந்த வீதிகளையும் மூடின. அந்த நாட்களில் தோட்டத்துக்குள் இருந்தவர்களுக்குத் தோட்டத்துக்குள் இருந்தவர்களே வைத்தியர்கள்.

அவர்கள் யார்? தோட்ட வைத்திய உதவியாளர் (சனங்களுக்கு அவர் "டொக்டரையா"), மருத்துவிச்சி, பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவர், வெளிக்கள உத்தியோகத்தர், கங்காணி. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மருந்துக் காம்பராவில் இவர்களில் மூவரின் முதலுதவிச் சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டத்தில் பார்த்தேன். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்றும் பத்து வருடங்களுக்கு முந்தியவை. "ஓடிட்காரங்க வந்தா இதத்தான் காட்டுவோம் மிஸ்," என்றார் வெளிக்கள உத்தியோகத்தர். குளவி கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிரிட்டன் மாத்திரை கொடுத்து, மெதுவாக நடத்திக் கூட்டிவந்து லொறியில் உட்கார வைப்போம் என்றார். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்களாம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் படித்த காலத்துக்குப் பிறகு வைத்திய அறிவு நகர்ந்துவிட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரித்தானிய உயிர்மீட்புச் சபை 2021 இல் திருத்திய வழிகாட்டலில், ஒவ்வாமை அதிர்ச்சிக்கான முதற்கட்டச் சிகிச்சையில் பிரிட்டன் போன்ற அன்டிஹிஸ்டமின் மருந்துகளுக்கு இடமில்லை. ஸ்டீரொய்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதமில்லாமல்.

நடத்திக் கூட்டிப் போவது இன்னும் ஆபத்தானது. அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் விழுந்திருப்பவரைத் திடீரென எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து அங்கேயே உயிர் போகலாம். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும், படுத்த நிலையிலேயே. இதற்கு மருந்தோ படிப்போ தேவையில்லை, ஒரு கம்பளியும் நாலு பேரும் போதும். அதே தோட்டத்தில் போன வருடம் கொட்டு வாங்கிய அக்கா ஒருவர் சொன்னார்: "நடக்க வச்சுத்தான் கூட்டிட்டு வந்தாங்க மிஸ். பாதையில ரெண்டு தடவ கண்ணு இருட்டிருச்சு."

(இடையில் ஒன்று. நாம் "குளவி" என்று எழுதுவதைச் சிங்களத்தில் தெபர, பம்பர என்று பிரித்துச் சொல்வார்கள். பம்பர என்பது மலைத்தேனீ. அது முள்ளை உடலில் விட்டுப்போகும், உடனே எடுக்க வேண்டும். குளவி முள்ளை விட்டுப்போகாது. திரும்பத் திரும்பக் கொட்டும். நிறையக் கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் நஞ்சினால் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே "நல்லாத்தானே இருக்கிறார்" என்று லயத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. தமிழ்ச் செய்தி எழுதுகிறவர்களாவது இந்த வித்தியாசத்தைக் கவனிக்கலாம்.)

மாறியது இது மட்டுமல்ல. நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் சி.பி.ஆர். முறையில் 2010 இல் அமெரிக்க இதயச் சங்கம் வரிசையையே மாற்றியது: மூச்சுக் கொடுப்பதற்கு முன் அழுத்தத் தொடங்கு. 2015 இல் அழுத்தும் ஆழமும் வேகமும் திருத்தப்பட்டன. இரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் இறுக்குப் பட்டியைப் பொதுமக்களுக்கான முதலுதவி வகுப்புகள் ஒருகாலத்தில் கடைசி வழியாகவே சொல்லித் தந்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கருத்தும் மாறியது.

வன்னியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2009 இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களில் இயங்கிய வைத்தியசாலைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களுக்குத் துணையாக நின்றவர்கள் பலர் வேலையிலேயே பழகியவர்கள். அவர்களில் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. அவர்களின் கைகளுக்குத் தெரிந்ததற்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. தோட்டத்தில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. கைக்குப் பழக்கம் இல்லை. சி.பி.ஆர். திறன் பயிற்சி முடிந்து சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பத்து வருடத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும்?

அதனால்தான் மற்ற நாடுகளில் இந்தச் சான்றிதழ்களுக்கு முடிவுத் திகதி போடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் உள்ள அவசர மருத்துவ உதவியாளர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 40 மணித்தியாலத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிரித்தானியாவில் அம்புலன்ஸ் பராமெடிக் பதிவும் இரண்டு வருடம்தான். ரொறன்ரோவில் தொழிற்சாலையிலோ பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்திலோ வேலை செய்யும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். முதலுதவி அட்டையில் மூன்று வருடத் திகதி இருக்கும்.

புதுப்பித்தல் என்பதும் வெறும் சடங்காகிவிடலாம் என்ற பயம் நியாயமானது. பிரித்தானியாவிலேயே பதிவு புதுப்பிப்பவர்களில் நூற்றுக்கு 2.5 பேரின் ஆவணங்களைத்தான் எடுத்துச் சோதிக்கிறார்கள். இங்கே அது இன்னொரு கண்ணாடிச் சட்டமாக முடிய வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் போன்ற ஏற்றுமதித் தரச் சான்றுகள் வேலை நேரத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. கம்பனி அதற்காகச் சான்றிதழைச் சுவரில் வைத்திருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைக்கு 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. குளவி கொட்டும் மலை அந்தச் சட்டத்துக்குள் வராது.

இந்த நிலைமையின் வேர் பழையது. தோட்டத் தொழிலாளியின் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பு என்பதை 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வரையறுத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தோட்டச் சுகாதாரம் மட்டும் அரச சுகாதாரச் சேவைக்குள் முழுமையாக வரவில்லை. ஆகவே கங்காணியின் முதலுதவி அறிவைப் புதுப்பிப்பது சுகாதார அமைச்சின் வேலையா, கம்பனியின் வேலையா என்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்ட வசதியாக இருக்கிறது.

என் கருத்தில் இது கம்பனியிடம் மட்டும் விடக்கூடாத விடயம். வருடத்துக்கு ஒருமுறை அரை நாள் போதும். ஆனால் வகுப்பறையில் வேண்டாம், மலையிலேயே நடக்கட்டும். அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவும் சுவசெரிய ஊழியர்களும் வந்து, தோட்டத்தின் லொறியையும் கம்பளியையும் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துத் தமிழில் நடத்த வேண்டும். செய்து காட்ட முடிந்தவருக்கு மட்டும் திகதி போட்ட அட்டை. மருந்துக் காம்பராவில் அட்ரினலின் குப்பி இருப்பதையும், தோட்ட வைத்திய உதவியாளர் அதைப் போட அதிகாரமும் பழக்கமும் உள்ளவராக இருப்பதையும் அதே நாளில் பரிசோதிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள சாதாரண மருந்து அது.

சிக்கல் அந்த அரை நாளில்தான் வரும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. பயிற்சிக்குப் போன நேரம் பெயர் விழுமா, கொழுந்து குறைந்தால் சம்பளம் வெட்டப்படுமா என்பது தீராத வரைக்கும் எந்தக் கொழுந்துக்காரியும் வரமாட்டார்; கொட்டு வாங்கியவருக்கு மிக அருகில் நிற்பவரோ அவர்தான். முன்பென்றால் இதைக் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டிருக்கலாம். 2021 இல் நாளாந்தச் சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வந்ததும் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிவிட்டன. இப்போது சம்பளத் தொகையைச் சம்பளச் சபை தீர்மானிக்கிறது. தொழிற்சங்கங்கள் அங்கே போகும்போது தொகையோடு சேர்த்து, வருடத்தில் அரை நாள் பயிற்சியைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாகக் கணக்கெடுக்கும்படியும் கேட்கட்டும்.