சபைப் பிணக்கும் குருமார் கடமையும்

ஒரு கோயிலுக்குள் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டால், அவ்விரு கட்சியாரும் முதலில் தேடிச் செல்வது வக்கீல் வீட்டையே. கல்லறைத் தோட்டம், திருவிழாத் தேர், கமிட்டித் தேர்தல், சொத்து நிர்வாகம் முதலியவை பற்றிக் கிறிஸ்தவ சபைகளில் எழும் வழக்குகள் பல, நியாயஸ்தலங்களில் கிடக்கின்றன. இது ஒரு மதத்தாரின் சொந்த விஷயம். பிறர் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு சமூகம் பிளவுபட்டால் அது வசிக்கும் ஊரும் பிளவுபடுகிறது. ஆதலின் நமது அபிப்பிராயத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தின் சரித்திரத்தை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1745-ஆம் வருஷத்தில் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது இவ்வூரிலேதான். உயர்வு தாழ்வு பாராட்டாது எல்லோருடனும் கலந்து பழகிய அப்பெரியாருக்கு 2022-ஆம் வருஷத்தில் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. ஆனால் அவர் ஸ்நானம் பெற்ற ஊரில், 1872-ஆம் வருஷத்தில் எழுந்த கோயில் எப்படியிருந்தது? பீடம் ஒன்று, அதை நோக்கிவரும் மண்டபங்கள் இரண்டு, நடுவே ஒரு சுவர். வெள்ளாளர் முதலியோர் ஒருபுறம், நாடார் முதலியோர் மறுபுறம். சண்டையைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்றனர். ஏறக்குறைய நாற்பது வருஷங்களுக்குப் பின் கௌசானல் அடிகள் அச்சுவரை அகற்றினார். ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். கோயிலில் தனியிடம் கோர ஜாதியைக் காட்டி உரிமை பெற முடியாதென்று சென்னை ஹைக்கோர்ட் தீர்ப்பளித்தது. 1917-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் திரட்டில் அவ்வழக்கைக் காணலாம்.

இதனால் நாம் அறிவது என்ன? அநீதிக்கு இடங்கொடுத்து வாங்கிய சமாதானம், வழக்கை நாற்பது வருஷம் ஒத்திவைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. தீர்ப்பு வந்ததனாலும் மனங்கள் ஒன்றுபட்டுவிடுவதில்லை. சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் வீடு வீடாகச் சென்று மனத்தை மாற்றுவதே குருவின் வேலை.

அவ்வேலைக்கு வழி அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனிமையில் பேசு; இணங்காவிடில் இரண்டொருவரை அழைத்துச் செல்; அதன் பின்னரே சபைக்குச் சொல் என்கிறது மத்தேயு சுவிசேஷம். சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைப் பவுல் அப்போஸ்தலர் கண்டிக்கிறார். இம்முறையைப் பிரசங்க பீடத்தில் சொல்லும் குருமார், நடைமுறையிலும் கையாளவேண்டும். பிணக்கு முற்றுமுன்பே இரு தரப்பாரையும் தனித்தனியே கேட்கவேண்டும். பணத்தைப் பற்றிய தகராறானால் கணக்கைச் சபை முன்பு வைக்கவேண்டும். பிரசங்கத்தில் ஒரு கட்சியைக் குத்திப் பேசலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, குருவே ஒரு கட்சிக்காரரானால் நடுவர் ஸ்தானத்தினின்று விலகி, இரு தரப்பாரும் நம்பும் வேறொருவரை அழைக்கவேண்டும். தேர்தலில் ஓட்டுத் தேடிய வாயால் சமாதானம் பேசினால் எவர் கேட்பார்?

நடுநிலை என்பது நியாயத்திற்கும் அநியாயத்திற்கும் இடையே பாதிவழியில் நிற்பதன்று. சொத்துத் தகராறில் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மனிதனுடைய மதிப்பில் விட்டுக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? 2008-ஆம் வருஷத்தில், அப்போதைய விழுப்புரம் ஜில்லா எறையூரில், கத்தோலிக்கருக்குள்ளேயே ஜாதிப் பூசல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் மாண்டனர். வடக்கன்குளத்துப் பாடத்தை ஏறக்குறைய நூறு வருஷங்களுக்குப் பின்னும் நாம் கற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய குறையன்று; எல்லாக் கோயில் வாசல்களிலும் காணும் குறையே. எனினும் ஞாயிறுதோறும் ஊரார் ஒன்றுகூடிக் கேட்கும் வாக்கு குருமாருடையது. போலீசார் வருமுன், வக்கீல் வருமுன், குரு வரட்டும். அவர் சமாதானத்தோடு நியாயத்தையும் கொண்டுவரட்டும்.