கடலடிச் சேறும் வருண ஜபமும்

மழை தவறினால் கடன் வாங்கியாவது கழுதைக்குக் கலியாணமும் புரோகிதருக்குத் தட்சணையும் நடத்துகிறவர்கள் நமது திண்டுக்கல் பக்கம் இன்றும் உண்டு.

நமக்கு ஐப்பசி மழை தரும் வங்கக் கடலின் அடியை, பருவமழையின் பழங்கணக்கை அறிவதற்காக, 2014-15ல் ‘ஜாயிடஸ் ரெசல்யூஷன்’ என்னும் கப்பல் துளைத்துச் சேறு எடுத்தது. அதில் போராமினிபெரா என்னும் மணல் பருமனுள்ள உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கின்றன. ஓட்டிலுள்ள கனத்த பிராணவாயுவுக்கும் லேசானதற்கும் உள்ள விகிதம் அக்காலத்துக் கடல்நீரின் சூட்டையும் நன்னீர்க் கலப்பையும் காட்டும். அடியில் வாழ்ந்தவற்றின் கரி ஆழ்நீரோட்டத்தின் போக்கைச் சொல்லும். பூமி குளிர்ந்த காலங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மெலிந்தது, சூடேறியபோது வலுத்தது என்பது இத்தகைய ஓடுகள் கொடுத்த சாட்சியாகும்.

லட்சம் வருஷத்துக்கு முன் வருண ஜபம் செய்தவர் யார்? கழுதைக் கலியாணப் பணத்தில் தூர்ந்த குளமொன்றை வெட்டுங்கள் என்றால் மட்டும் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள்.