தூண்டுவது எதனை? கொலாஜன் ஊசியும் ஒப்புதல் படிவத்தின் மொழியும்

ஹைதராபாத் நகரின் தோல் மருத்துவ நிலையங்களின் விளம்பரங்களில் அண்மைக்காலமாக ஒரு தொடர் அடிக்கடி தென்படுகிறது: 'கொலாஜன் ஸ்டிமுலேட்டர்'. தமிழில் எழுதுவோர் இதனைக் 'கொலாஜன் தூண்டி' என்கின்றனர். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் 'தூண்டு' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதனைத் தூண்டுகிறது என்ற கேள்விக்கு அது விடை சொல்லியாக வேண்டும். 'கொலாஜனை' என்பது விளம்பரம் தரும் விடை. மருத்துவ இலக்கியம் தரும் விடை வேறு: உடலுக்குள் அயற்பொருள் ஒன்று நுழைந்தால் அதனை எதிர்கொள்ள உடல் மேற்கொள்ளும் தற்காப்பு வினையை. இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியது இப்பதிவு. மருத்துவம் என் துறை அன்று; சொற்கள் என் துறை. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் கொலாஜன் என்ற சொல். கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. பசையைப் பிறப்பிப்பது என்பதே கொலாஜனின் நேர்ப்பொருள். நம் தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. அதாவது கொதிநீரில் குலைந்த கொலாஜன். முகத்தோலைத் தாங்கி நிற்பதும் அதே குடும்பத்துப் புரதம்தான். தோலின் உள்ளடுக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் உயிரணுக்கள் இந்த இழைகளை நூற்று, அவற்றைப் பற்றிக்கொண்டு விறைப்பாக நிற்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரும் வயதும் இழைகளை அறுக்க, பற்றுக்கோடு இழந்த உயிரணுக்கள் சுருங்கி, நூற்பதையும் குறைத்துவிடுகின்றன. வயதுவந்த பின் தோலின் கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைவதாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இவ்வீழ்ச்சி மிக வேகமாக நிகழ்கிறது. தமிழ் இதற்கு வைத்த சொல் 'திரை'. நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது வரும் திரை. கடலலைக்கும் அதுவே பெயர். எவ்வளவு கூர்ந்து பார்த்து வைத்த பெயர்!

இந்தக் குறைவை ஈடுசெய்வதாகச் சொல்லும் ஊசிகளில் இரண்டு பரவலாக அறியப்பட்டவை. ஒன்று பாலி-எல்-லாக்டிக் அமிலம். 'ஸ்கல்ப்ட்ரா' என்ற பெயரில் விற்பனையாவது. புளித்த தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பல்லுறுப்பி அது. அறுவைச் சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சிலபடைட். 'ரேடியஸ்' என்ற பெயருடையது. பல்லிலும் எலும்பிலும் இருக்கும் தாதுவின் நுண்ணுருண்டைகளைக் கூழில் மிதக்கவிட்டது.

முன்னதன் துகள்கள் 40 முதல் 63 மைக்ரான் அளவினவை. இந்த அளவு தற்செயலானதன்று. நம் உடலின் விழுங்கணுக்கள் அயற்பொருளைக் கண்டால் விழுங்கிச் செரித்துவிடும்; ஆனால் இத்துகள்கள் அவற்றின் வாய்க்கு அடங்காதவை. விழுங்க இயலாததை உடல் சுற்றி வளைக்கிறது. விழுங்கணுக்கள் குழுமுகின்றன, சில ஒன்றோடொன்று இணைந்து பேரணுக்களாகின்றன, மெல்லிய அழற்சி உண்டாகிறது, ஃபைப்ரோபிளாஸ்டுகள் வந்து துகளைச் சுற்றிக் கொலாஜனால் வேலி கட்டுகின்றன. துகள் மெல்லக் கரைந்து லாக்டிக் அமிலமாகி, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகிறது. வேலி மட்டும் எஞ்சுகிறது. கன்னத்துக்குத் திரும்பும் நிறைவு இந்த வேலியினால் வருவது.

ஊசி போட்ட அன்று முகம் நிறைந்து தோன்றுவது மருந்தால் அன்று. துகள்களைக் கலக்கிய நீரால். சில நாளில் நீர் வற்றி முகம் பழையபடி ஆகிவிடும். உண்மையான மாற்றம் வாரங்கள், மாதங்கள் கழித்தே தெரியும். பொதுவாகச் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று அமர்வுகள் தேவைப்படும். பயன் ஏறத்தாழ இரண்டாண்டுகள் நீடிக்கிறது. ஆக, இது பொய்ச் சரக்கு அன்று. வேலை செய்கிறது, ஆய்வுகளில் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கொலாஜன் பொடிக்கு இந்த அளவு சான்று இல்லை. என் வழக்கு அது வேலை செய்யவில்லை என்பதன்று. வேலை செய்யும் விதத்தைச் சொல்ல மறுக்கிறார்கள் என்பதே.

இலக்கணத்தைக் கொண்டு சொல்கிறேன். தமிழில் 'ஆறு' தன்வினை, 'ஆற்று' பிறவினை. புண் ஆறுகிறது, மருந்து புண்ணை ஆற்றுகிறது. விளம்பரங்கள் எப்போதும் பிறவினையிலேயே பேசுகின்றன: ஊசி தோலைப் புதுப்பிக்கிறது, இளமையாக்குகிறது, மீட்கிறது. எழுவாய் ஊசி. ஆனால் நிகழ்வதை வரிசையாகப் பார்த்தால் ஊசியின் பங்கு முதல் வினையோடு முடிந்துவிடுகிறது: அது துகளைப் புகுத்துகிறது. அதற்குப் பின் வரும் எல்லா வினைகளுக்கும் எழுவாய் உடல்தான். உடல் எதிர்க்கிறது, சூழ்கிறது, கட்டுகிறது. இவ்வளவு காலம் கழித்து எவ்வளவு கட்டும் என்பதை ஊசியோ மருத்துவரோ முழுமையாகத் தீர்மானிக்க இயலாது. ஒருவருடைய உடல் அளவோடு கட்டும்; மற்றொருவருடைய உடல் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கட்டியாகக் கட்டும்.

இதனைத் 'தழும்பு' என்று சொல்லிவிடலாமா? அப்படியே சொல்வது நியாயமாகாது. இங்கு உருவாவது பரவலாக, மெல்லிதாக, மருத்துவர் திட்டமிட்ட ஆழத்தில் உருவாவது. ஆயினும் ஒரு குறிப்பைப் பாருங்கள். காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உடையவர்களுக்கு ஸ்கல்ப்ட்ராவைச் செலுத்தக் கூடாது என்று அதன் தயாரிப்புக் குறிப்பே எச்சரிக்கிறது. இளமை தரும் மருந்து என்றால் தழும்பின் வரலாற்றை ஏன் விசாரிக்க வேண்டும்? இரண்டும் உறவுக்காரர்கள் என்பதால்தான். தடித்த தழும்பு கருநிறத் தோலில் அதிகம் தோன்றுவது. நம்மிடையே இந்தக் கேள்வி ஒருவரும் விடாமல் கேட்கப்பட வேண்டிய ஒன்று.

இந்த ஊசியின் வரலாறும் இளமையில் தொடங்கவில்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஸ்கல்ப்ட்ராவுக்கு அனுமதி அளித்தபோது, அது எச்.ஐ.வி. தொற்றுடையவர்களின் ஒட்டிய கன்னங்களுக்கான மருந்து. கன்னம் ஒட்டியதற்குப் பெருங்காரணம் அவர்களைப் பிழைக்க வைத்த மருந்துகளே, குறிப்பாக ஸ்டாவுடின். அது முகத்தின் கொழுப்பை அழித்தது. உயிர் பிழைத்தவரின் முகமே அவர் நோயை ஊருக்கு அறிவிக்கும் பலகையாயிற்று. வேலை போனது, உறவு போனது, வாயைத் திறக்காமலே இரகசியம் வெளிப்பட்டது. 2010இல் அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, முகத்தின் இந்த மாற்றத்தால் மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு இவ்வூசியின் செலவை ஏற்க முன்வந்தது. சுருக்கம் உடைய நலமான முகங்களுக்கு அந்நாட்டில் அனுமதி கிடைத்ததே 2009இல்தான்.

இந்தக் கதையில் நமக்கும் பங்குண்டு. 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த மூன்று மருந்துக் கூட்டில் ஸ்டாவுடினும் ஒன்று. 2004 ஏப்ரலில் தொடங்கிய நம் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்திலும் அது இருந்தது. தாம்பரம் மருத்துவமனையின் வரிசைகளில் நின்று பெற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த மாத்திரை இல்லையேல் அவர்கள் இல்லை. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. உயிரைக் காக்கவே திணறிய திட்டத்தில் கன்னத்துக்கு இடமில்லாமல் போனதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இன்று இந்நாட்டில் அதே ஊசி எவருடைய கன்னத்தைத் தேடிச் செல்கிறது என்பதைப் பார்க்கையில் மனம் சற்றுக் கசக்கவே செய்கிறது.

கசப்பை ஒதுக்கினாலும் ஒன்றை மறக்கலாகாது. தொடக்கத்தில் இத்துகள்களைக் குறைந்த நீரில் கலக்கிச் செலுத்தியபோது தோலுக்கடியில் முடிச்சுகள் தோன்றின. பின்னர்தான் நீரின் அளவைக் கூட்டினர், ஆழத்தை மாற்றினர், ஊசிக்குப் பின் நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நிமிடம், ஐந்து நாள் பிசைந்துவிடும் வழக்கம் வந்தது. இன்று அழகு நிலையங்களில் எளிதாகச் சொல்லப்படும் அந்த 'ஐந்து ஐந்து ஐந்து' விதிக்குப் பின்னால் முந்தைய நோயாளிகளின் முகங்கள் இருக்கின்றன.

இனி, இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி. வங்கிப் பணியில் மாற்றலாகி இந்நகருக்கு வந்திருக்கும் என் சித்திக்கு வயது 54. அவர் பார்த்து வைத்திருந்த மருத்துவ நிலையத்தில் இரண்டு தாள்கள் தந்திருந்தனர். வழுவழுப்பான வண்ணக் கையேடு தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருந்தது. கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும். "நீ மொழியியல்தானே படிச்சிருக்கே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றார். சித்தி ஆங்கிலத்தில் கடன் ஒப்பந்தங்களை வரி விடாமல் படித்துக் கையொப்பமிடச் செய்பவர். அவரே 'நான்-ரிவர்சிபிள்' என்ற சொல்லின் அடியில் கோடிட்டு, "திரும்பப் பழையபடி ஆகாதுன்னு போட்டிருக்கான், அப்போ நல்லதுதானே?" என்று கேட்டார்.

அவர் புரிதலில் தவறு காண இயலாது. கையேட்டில் 'நீண்ட காலம் நிலைக்கும்' என்று புகழப்பட்டதும் படிவத்தில் 'நான்-ரிவர்சிபிள்' என்று எச்சரிக்கப்பட்டதும் ஒரே பண்புதான். புகழ்ச்சியை மூன்று மொழிகளில் படித்துவிட்டு வருபவர் எச்சரிக்கையையும் புகழ்ச்சியாகத்தான் படிப்பார். படிவம் சொல்ல வந்தது இது: ஹயலுரானிக் அமிலக் கூழை ஊசியாகப் போட்டுத் தவறு நேர்ந்தால், ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். கொலாஜன் தூண்டிகளுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. துகள் தவறுதலாக இரத்தக் குழாயில் நுழைந்தால் அது பாயும் இடத்துத் தசை அழியக்கூடும். மிக அரிதாகப் பார்வையே போகலாம். அரிதுதான். ஆனால் அரிதானதும் மீளாததும் வேறு வேறு என்பதைச் சொல்ல ஒப்புதல் படிவத்தைத் தவிர வேறு இடம் ஏது?

நான் ஆய்வுக்காக ஒரு பாட்டியின் பேச்சைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால், என்ன செய்யப்போகிறேன் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, படிக்கத் தெரியாதவராயின் படித்துக்காட்டி, ஒப்புதல் பெற்றாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே கேட்கின்றன. சரியான ஏற்பாடுதான். ஆனால் பாட்டியின் குரலுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு சித்தியின் கன்னத்துக்குக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு நெறி, சிகிச்சைக்கு வேறு நெறி என்று பதில் வரலாம். சிகிச்சைக்கும் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை அறிந்து தரும் ஒப்புதலே செல்லும். நோயில்லாத ஒருவர் விருப்பத்தின்பேரில் ஏற்கும் ஊசியில் இந்தக் கடமை கூடுமேயன்றிக் குறையாது. காத்திருக்க நேரமுண்டு, மறுத்தால் உயிருக்கு ஆபத்தில்லை. அவசரம் யாருக்கு?

முதுமையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்குப் பாடம் எடுப்பது என் நோக்கமன்று. அந்தப் பாடத்தை எடுப்பவர்களில் பலர் தம் நரைக்குச் சாயம் பூசிக்கொண்டே எடுக்கின்றனர். ஊசி வேண்டுமென்பவர் தகுதிபெற்ற தோல் மருத்துவரிடம் போட்டுக்கொள்ளட்டும். போட்டுக்கொள்ளும் பொருளின் பெயரும் தேதியும் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கால்சியத் துகள்கள் சி.டி. ஸ்கேனில் தெரியும் என்பதால் பிற்பாடு வேறொரு மருத்துவர் குழம்பக்கூடும்.

சித்திக்காக அன்றிரவு படிவத்தின் சாரத்தைத் தமிழில் எழுதினேன். இங்கும் தருகிறேன்: "உங்கள் தோலுக்கடியில் நுண்துகள்கள் செலுத்தப்படும். உங்கள் உடல் அவற்றை அயற்பொருளாகக் கருதி மெல்லிய அழற்சியை உண்டாக்கி, அவற்றைச் சுற்றிப் புதிய நார்ப்பொருளைக் கட்டும். முகம் நிறைவது அதனால். பயன் தெரிய மாதங்கள் ஆகும். ஏறத்தாழ இரண்டாண்டுகள் நிற்கும். சிலருக்கு முடிச்சு அல்லது கட்டி தோன்றலாம், அது பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். செலுத்தியதைக் கரைத்து எடுக்க மருந்து கிடையாது. உங்களுக்குத் தடித்த தழும்பு வரும் வழக்கமோ, உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் நோயோ இருந்தால் இப்போதே சொல்லுங்கள்." எண்பது சொற்கள்கூட இல்லை. இதை அச்சிட எந்த நிலையத்துக்கும் வசதியிருக்கும். சித்தி இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் மூன்று கேள்விகள் எழுதிச் சென்றார். அவரும் பொறுமையாகவே விடையளித்தாராம். என்ன முடிவெடுத்தார் என்பது அவர் விஷயம்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'கிரானுலோமா' என்பதை மேலே வெறுமனே 'கட்டி' என்று எழுதிவிட்டேன். கட்டி என்றதும் நம்மவர்கள் சீழ்க்கட்டியையோ புற்றுநோயையோ நினைக்கின்றனர். இது இரண்டும் அன்று. அகற்ற முடியாத துகளை உடல் அணுக்களால் சிறைவைத்த திரள். 'சிறைக்கட்டி' என்று எழுதிப் பார்த்தேன், நாடகத்தனமாக இருந்தது. நட்பு வட்டத்தில் தோல் மருத்துவர்களும் செவிலியரும் இருக்கிறீர்கள். நோயாளியிடம் தமிழில் இதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று கீழே எழுதினால், படிவத்தைத் திருத்திப் பொதுவில் வைக்கிறேன். தெலுங்கில் மொழிபெயர்த்துத் தரத் தோழி ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.